206 எலும்புகள்: ஒரு தேர்வு வினாவின் வரலாறு

செவிலியர் பட்டப்படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் எவரும் முதலில் மனனம் செய்யும் எண்களுள் ஒன்று 206. வளர்ந்த மனித உடலில் எலும்புகள் எத்தனை என்பது வினா. நான்கு விடைகளுள் சரியானதைக் குறிக்கச் சில நொடிகள் போதும். அச்சுச் சட்டகத்தில் 80, இணையுறுப்புச் சட்டகத்தில் 126 என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அடுத்த வினாவையும் எளிதில் கடப்பார். ஆனால் அந்த எண் இந்திய வகுப்பறைக்குள் எப்படி வந்தது, அதை எண்ணிப் பார்க்க யாருடைய உடல்கள் கிடத்தப்பட்டன, எண்ணும் உரிமை யாருக்கு எப்போது கிட்டியது ஆகிய வினாக்கள் எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. இந்தியாவில் உடற்கூறியல் கல்வியின் வரலாறு அந்த வினாக்களுக்குள்தான் இருக்கிறது.

இந்த எண்ணே ஒரு மரபுவழி உடன்பாடு என்பதிலிருந்து தொடங்கலாம். திருவெலும்பு ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றிணைந்து உருவானது. அதை ஒன்றாக எண்ணுவது வழக்கம். காதுக்குள் இருக்கும் ஆறு சிற்றெலும்புகளும், வேறெந்த எலும்போடும் மூட்டுக் கொள்ளாமல் தொண்டையில் தொங்கும் நாவடி எலும்பும் கணக்கில் சேர்கின்றன. கை கால்களின் தசைநாண்களுக்குள் சிலரிடம் தோன்றும் சிறு எள்ளெலும்புகள் சேர்வதில்லை. பிறந்த குழந்தையிடம் எலும்புகள் இன்னும் மிகுதி. வளர வளரப் பல இணைந்துவிடுகின்றன. எதை எலும்பு என்று கொள்வது என்ற முடிவு முதலில் வருகிறது; எண்ணிக்கை அதைப் பின்தொடர்கிறது.

பண்டைய இந்திய மருத்துவ நூலாசிரியர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். சரக சங்கிதை 360 எலும்புகள் என்கிறது. சுசுருத சங்கிதை, ஆயுர்வேதம் அறிந்தோர் 360 என்பர், ஆயின் அறுவை நூலில் 300 மட்டுமே என்று வேறுபாட்டைத் தானே பதிவுசெய்கிறது. கைகால்களில் 120, இடுப்பு முதல் மார்பு வரையிலான உடற்பகுதியில் 117, கழுத்துக்கு மேல் 63 என்று அந்த 300 பகுக்கப்படுகிறது. சரகரின் கணக்கில் பற்கள் 32, பற்குழிகள் 32, நகங்கள் 20 ஆகியனவும் அடங்கும். சுசுருதர் நகங்களையும் பற்குழிகளையும் விலக்கி, பற்களையும் குருத்தெலும்புகளையும் வைத்துக்கொண்டார். 1907-இல் இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்த ருடால்ஃப் ஹோர்ன்லே, இவை வெறுங்கற்பனையில் எழுந்தவை அல்ல, உடலைப் பார்த்தறிந்த அறிவின் தடங்கள் என்று காட்டினார். மருந்து கொடுப்பவரின் உடலும் கத்தி எடுப்பவரின் உடலும் ஒரே முறையில் எண்ணப்படவில்லை. ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கேற்ப உடலை எண்ணிக்கொண்டது.

பார்த்தறிதலுக்கான வழிமுறையையும் சுசுருத சங்கிதை தருகிறது. உறுப்புகள் குறைவுபடாத, நஞ்சினால் இறக்காத, நெடுநாள் நோயில் நலியாத, நூறு வயதைத் தொடாத ஒருவரின் உடலைத் தேர்ந்து, குடலிலுள்ள கழிவை நீக்கி, புல்லாலும் மரப்பட்டையாலும் சுற்றி, கூட்டில் இட்டு, மறைவான ஓரிடத்தில் ஓடும் நீரில் வைக்க வேண்டும். ஏழு இரவுகள் கழித்து வெளியே எடுத்து, வெட்டிவேர், மூங்கில், மயிர் முதலியவற்றால் ஆன தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்துத் தோல் முதலாக ஒவ்வோர் அடுக்கையும் கண்ணால் காண வேண்டும். இம்முறையில் கத்தியே இல்லை. இறந்த உடலைத் தீண்டுவதைத் தீட்டாகக் கருதிய சமூகத்தில், அறுக்காமல் அறிவதற்கு ஒரு வழி காணப்பட்டது. கண்ணால் கண்டதும் நூலால் அறிந்ததும் சேர்ந்தாலே அறிவு முழுமைபெறும் என்ற கொள்கையும் அதே இடத்தில் வலியுறுத்தப்படுகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் நூல் நிலைத்தது, தூரிகை மறைந்தது. பாடத்தை ஓதுவோர் ஒரு சாராராகவும், புண்ணைக் கட்டி எலும்பைப் பொருத்திப் பிள்ளைப்பேறு பார்ப்போர் வேறு சாராராகவும் பிரிந்தனர்.

இந்தப் பிளவின் மீதுதான் 19-ஆம் நூற்றாண்டின் கல்கத்தா தன் மருத்துவக் கல்வியைக் கட்டியது. 1822-இல் அங்கே தொடங்கப்பட்ட சுதேச மருத்துவ நிலையம் இந்திய மொழிகள் வழியே மருத்துவம் கற்பித்தது. சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் மருத்துவ வகுப்புகள் நடந்தன. ஆங்கில உடற்கூறியல் கைந்நூல்கள் அரபியிலும் சமஸ்கிருதத்திலும் பெயர்க்கப்பட்டன. அவற்றுள் சமஸ்கிருத மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த வைத்தியர் குலத்தவரான மதுசூதன் குப்தா. மனித உடலை அறுத்துப் பயிலும் வழக்கம் மட்டும் அங்கே இல்லை. விலங்கு உடல்களே பயன்பட்டன. 1835 சனவரி 28 அன்று பெண்டிங் பிரபுவின் ஆணை இந்நிறுவனங்களின் மருத்துவக் கல்வியை முடித்துவைத்து, ஆங்கில வழியில் கற்பிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தது. அடுத்த மாதமே சென்னையிலும் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

1836-இல் மதுசூதன் குப்தா கல்கத்தாக் கல்லூரியில் மனித உடலொன்றைக் கூறுசெய்தார். பேராசிரியர் குடீவின் வழிகாட்டலில் நடந்த இப்பயிற்சியில் உமாசரண் சேட், ராஜகிருஷ்ண தே, துவாரகநாத் குப்தா, நவீன் சந்திர மித்ரா ஆகிய மாணவர் நால்வரின் பெயர்களும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அந்த நாள் சனவரி 10 என்று சில நூல்களும், அக்டோபர் 28 என்று வேறு சில நூல்களும் எழுதுகின்றன. அன்று வில்லியம் கோட்டையில் பீரங்கிகள் முழங்கின என்ற செய்தியும் நூல்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. நாளே உறுதிப்படாத ஒரு நிகழ்வுக்குப் பீரங்கி முழக்கம் மட்டும் உறுதியாக நினைவுகூரப்படுவது ஆய்வாளரை எச்சரிக்கைப்படுத்த வேண்டும். கிழக்கின் மூடநம்பிக்கையை மேற்கின் அறிவு வென்றது என்ற கதைக்கு ஒரு நாடகக் காட்சி தேவைப்பட்டது. பீரங்கி அதைத் தந்தது. சுசுருதரின் ஏழு இரவுகளைச் சமஸ்கிருதத்தில் படித்தறிந்த ஒரு வைத்தியர்தாம் அந்தக் கத்தியைப் பிடித்தார் என்ற உண்மை, அக்காட்சியில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

ஓரத்துக்குக்கூட வராத சிலரும் அந்த அறையில் இருந்தனர். மேசைமீது கிடந்தவர் யார்? அவரை அங்கே சுமந்து வந்தவர் யார்? கல்லூரியின் கணக்குப்படி 1837-இல் 60 உடல்கள் கூறுசெய்யப்பட்டன. அடுத்த ஆண்டில் அது இரட்டித்தது. 1844-இல் 500-ஐத் தாண்டியது. இத்தனை உடல்களும் மருத்துவமனைகளிலும் தெருவோரங்களிலும் உரிமை கோர யாருமின்றி இறந்த ஏழைகளுடையவை. பிரிட்டனில் 1832-இன் உடற்கூறியல் சட்டம் ஏழை விடுதிகளில் இறந்தோரின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டது போலவே இங்கும் வறுமை உடல்களை வழங்கியது. விடுதலைக்குப் பின் 1949-இல் இயற்றப்பட்ட பம்பாய் உடற்கூறியல் சட்டமும் உரிமை கோரப்படாத உடல் என்ற அதே அடிப்படையைப் பின்பற்றியது. மதுசூதன் குப்தாவின் உருவம் ஓவியமாகத் தீட்டப்பட்டுக் கல்லூரிக்குப் பெருமை சேர்த்தது. பிணங்களைக் கையாண்ட டோம் சாதியினரின் பெயர் ஒன்றுகூட நினைவில் நிறுத்தப்படவில்லை. உயர்சாதி மாணவர் பிணத்தைத் தீண்டியது புரட்சி எனப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தீண்டியவர்களின் தொடுகை தொழில் என்றுகூட மதிக்கப்படவில்லை.

எலும்புக் கூடுகளின் கதை இன்னும் நீளமானது. காலனிக் காலத்தில் வேரூன்றிய எலும்பு வணிகம் கல்கத்தாவை உலக மருத்துவக் கல்வியின் எலும்புக் களஞ்சியமாக ஆக்கியது. 1985-இல் இந்திய அரசு மனித எலும்புகளின் ஏற்றுமதியைத் தடைசெய்யும் வரை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவ வகுப்பறைகளில் கம்பியில் கோக்கப்பட்டுத் தொங்கிய கூடுகளில் மிகப் பல இந்தியாவிலிருந்து சென்றவை. அந்நாடுகளின் மாணவர் 206 என்று எண்ணிக் கற்றது பெரும்பாலும் வங்கத்து ஏழைகளின் எலும்புகளை வைத்து. உலகப் பொதுவானது என்று பாடநூல் சொல்லும் அந்த எண்ணுக்கு, பெயரற்ற ஒரு முகவரி இருக்கிறது.

இங்கிருந்து செவிலியரை நோக்கித் திரும்பினால் வேறொரு பிளவு தெரிகிறது. கல்லூரிகளில் ஆண்கள் இறந்த உடல்களைக் கற்றுக்கொண்டிருந்தபோது, உயிருள்ள உடல்களை நாள்தோறும் கையாண்டவர்கள் பெண்கள். பேறுகால உதவியைத் தாய்மார்களும் தாயிகளும் மருத்துவச்சிகளும் செய்தனர். அவர்களுக்கு உடற்கூறியல் கற்பிக்கப்படவில்லை; அவர்கள் அறிந்திருந்தது அறிவாகக் கணக்கிடப்படவும் இல்லை. 1854-இல் சென்னைப் பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு இசைவளித்தது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி சிறு எண்ணிக்கையினரோடு தொடங்கியது. பயிற்சிக்கு வந்தோரில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய, இந்தியக் கிறித்தவப் பெண்களாக இருந்தனர். அன்னியரின் உடலைத் தீண்டும் தொழில் என்ற இழிவு பிற குடும்பங்களைத் தடுத்து நிறுத்தியது.

பிரசவ மருத்துவமனையின் வாயில் வழியே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பெண்ணும் உண்டு. சென்னையில் வாழ்ந்த மேரி ஷார்லீப், இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பத்தைக் கேட்டறிந்து முதலில் மருத்துவச்சிப் பயிற்சியையே நாடினார். அது போதாது என்று உணர்ந்த பின்னர், 1875-இல் வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவச்சிக்கும் மருத்துவருக்கும் இடையில் எழுப்பப்பட்டிருந்த சுவரில், உடற்கூறியல் கற்கும் அனுமதி ஒரு முதன்மையான கல். அந்தக் கல்லைப் பெயர்க்காமல் மறுபக்கம் செல்ல முடியாது என்பதை அவருடைய வாழ்க்கை காட்டியது.

மொழி வேறொரு சுவராக இருந்தது. கல்கத்தா ஆங்கிலத்தைத் தேர்ந்தபோதும் 1852-இல் அங்கேயே வங்க மொழி வகுப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் எதிர்த்திசையில் சென்றார். 1847-இல் அங்கு வந்த அவர், 1860-களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, உடற்கூறியல், உடலியங்கியல், அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம் ஆகியவற்றுக்கான ஆங்கில நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். உடற்கூறியலுக்கு அங்காதிபாதம் என்றும் உடலியங்கியலுக்குச் சுகரணம் என்றும் அவர் குழு ஆண்ட சொற்கள் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் தாய்மொழியில் உடலைக் கற்க முடியும் என்பதற்கு அச்சில் உள்ள சான்றாக அவை நிற்கின்றன. இந்தியச் செவிலியர் கல்வி அந்த வழியைத் தொடரவில்லை. பிராந்திய மொழியில் பயின்றவர் கீழ்நிலைப் பணிக்கும், ஆங்கிலத்தில் பயின்றவர் மேல்நிலைப் பணிக்கும் என்ற படிநிலையே பல இடங்களில் நிலைபெற்றது.

செவிலியர் எவ்வளவு உடற்கூறியல் கற்க வேண்டும் என்ற விவாதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1860-இல் இலண்டனில் செவிலியர் பள்ளியை நிறுவியவரும், இந்திய மருத்துவமனைகளில் செவிலிப் பணியை அமைப்பது குறித்து 1865-இல் பரிந்துரைகள் எழுதியவருமான பிளாரன்ஸ் நைட்டிங்கேல், தேர்வு வழியே செவிலியரைப் பதிவுசெய்யும் திட்டத்தை எதிர்த்தார். தேர்வு ஒருவரின் அறிவை அளக்கும், ஒழுக்கத்தையும் பரிவையும் அளக்காது என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒழுக்கத்தை அளப்பவர் யார் என்று கேட்டால் அவ்வாதத்தின் மறுபக்கம் புலப்படும். நற்சான்று தருவது மேட்ரனும் பாதிரியாரும் மேற்குடியினரும் என்றால், அந்தச் சான்று வகுப்பையும் சாதியையும் மதத்தையும் பார்த்தே வழங்கப்படும். தேர்வுத்தாளுக்கு எழுதுபவரின் குலம் தெரியாது. பதிவுக்காகப் போராடிய செவிலியர் தேர்வை வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1890-களில் டயானா கிம்பர் நியூயார்க்கில் செவிலியருக்கென்றே ஓர் உடற்கூறியல், உடலியங்கியல் பாடநூலை எழுதினார். 1929-இல் எவலின் பியர்ஸ் இலண்டனில் எழுதிய நூல் பேரரசு எங்கும் பரவியது. ஜேனட் ராஸ், கேத்லீன் வில்சன் ஆகிய இருவர் 1960-களில் உருவாக்கிய நூலின் பிற்காலப் பதிப்புகள் இந்தியச் செவிலியர் கல்லூரிகளில் இன்றும் புழங்குகின்றன. மருத்துவருக்குரிய பாடத்தைச் சுருக்கித் தந்த இந்நூல்களைச் செவிலியரே எழுதினர் என்பது கவனத்துக்குரியது. எது தேவை, எது தேவையில்லை என்ற முடிவை அவர்கள் தம் கைக்கு எடுத்துக்கொண்டனர்.

இந்தியாவில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வட இந்திய மிஷன் மருத்துவமனைகள் இணைந்து பொதுத் தேர்வுக் குழுவை அமைத்தன. 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தோன்றியது. 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கின. 1947 இறுதியில் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் பிறந்தது. இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லும்போது முன்னேற்றத்தின் ஏணி போலத் தோன்றும். ஆனால் 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை வேறு படத்தைத் தந்தது. பிரித்தானிய இந்தியாவில் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். மருத்துவரோ 6,300 பேருக்கு ஒருவர். உலகின் பிற நாடுகளில் மருத்துவரைவிடச் செவிலியர் மிகுந்திருக்க, இங்கே கணக்கு தலைகீழாக இருந்தது. பீரங்கி முழங்கியதாகச் சொல்லப்படும் நாளிலிருந்து 110 ஆண்டுகள் கழிந்தும், உயிருள்ள உடலைத் தாங்கும் கைகளுக்கு இந்நாடு போதிய இடம் தரவில்லை.

செவிலியருக்கு வேண்டிய உடற்கூறியல் குறைந்த தரத்ததா என்ற வினாவுக்கு ஊசியின் முனை விடை சொல்லும். பிட்டத் தசையில் ஊசி போடும்போது அதை நான்காகப் பகுத்து மேல்புற வெளிப்பகுதியைத் தேர வேண்டும் என்று கற்பிப்பதற்குக் காரணம், உட்பகுதியில் உடலின் மிகப் பெரிய நரம்பான இடுப்பு நரம்பு செல்வதுதான். ஒரு விரற்கடை தவறினால் நோயாளியின் கால் செயலிழக்கக்கூடும். அறுவை அரங்கில் திறந்த உடலைப் பார்த்துச் செயல்படும் மருத்துவருக்குக் கண் உதவும். மூடிய தோலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பதை மனத்தால் காண வேண்டியவர் செவிலியர்.

உடலியங்கியலுக்கும் இது பொருந்தும். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியை அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கியே, குருதி உடலுக்குள் சுழன்று திரும்ப வேண்டும் என்ற முடிவுக்கு 1628-இல் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி தம் வாதத்தை வலுவாக்கினார். ஏறத்தாழ 70 மில்லி லிட்டரை 72-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்று விடை குறிக்கும் மாணவி அதே பெருக்கலைச் செய்கிறாள். நள்ளிரவு வார்டில் ஒரு முதியவரின் மணிக்கட்டில் விரல் வைத்து, துடிப்பு விரைவதையும் மெலிவதையும் உணர்ந்து, குருதி எங்கோ கசிகிறது என்று ஐயுற்று மருத்துவரை எழுப்பும்போது அந்தப் பெருக்கல் உயிர்பெறுகிறது. பாடத்தில் கற்ற எண் பிழைப்புக்கும் சாவுக்கும் இடையிலான எல்லையைக் காட்டுகிறது.

இன்று அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் செவிலியர் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றோடு பொது அறிவும் கேட்கப்படுகிறது. வென்று நுழைவோர்க்கு இந்தியச் செவிலியர் மன்றத்தின் 2021 பாடத்திட்டம் முதல் பருவத்தில் பயன்பாட்டு உடற்கூறியலுக்கு 60 மணி நேரமும் பயன்பாட்டு உடலியங்கியலுக்கு 60 மணி நேரமும் ஒதுக்குகிறது. பயன்பாடு என்ற அடைமொழி எளிமைக்குச் சூட்டிய பெயரன்று. கட்டிலருகே நிற்கும் அறிவு என்ற உரிமைக்கோரல்.

தேர்வுமுறையின் குறைகள் வெளிப்படை. நான்கில் ஒன்றைக் குறிக்கும் பழக்கம் உடலைச் சிதறிய எண்களாக்குகிறது. பயிற்சி நிலையக் கட்டணம் செலுத்த இயலாதவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆங்கிலம் இன்னும் வாயிற்காவலாக நிற்கிறது. நைட்டிங்கேல் கேட்ட பரிவு எந்த விடைத்தாளிலும் இல்லை. ஆயினும் ஒரு காலத்தில் வைத்தியர் குலத்து ஆண் தொட்டதே வரலாறாகிய பாடம், இன்று எந்தக் குலத்துப் பெண்ணும் எழுதி வெல்லக்கூடிய வினாவாக மாறியிருக்கிறது. இது சிறிய மாற்றம் அன்று; இதைப் பெற்றுத் தந்தவர்கள் பீரங்கி முழக்கம் பெறாத பெண்கள்.

கடன் ஒன்று மட்டும் எஞ்சுகிறது. உடற்கொடை அளிப்போர் தோறும் பெருகிவரும் இக்காலத்தில், சில கல்லூரிகள் கூறாய்வு வகுப்பின் முதல்நாள் கிடத்தப்பட்ட உடலை முதல் ஆசிரியர் என்று வணங்கி உறுதிமொழி ஏற்கின்றன. கேட்டுப் பெறப்பட்ட உடலுக்குச் செய்யும் இந்த நன்றி, கேளாமலே எடுக்கப்பட்ட ஆயிரமாயிரம் உடல்களுக்கும் உரியது. கல்கத்தாவின் மேசையில் கிடந்தவர்கள், அவர்களைச் சுமந்த டோம்கள், கம்பியில் கோக்கப்பட்டுக் கடல் கடந்தவர்கள் ஆகிய அனைவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். 206 என்று குறிக்கும் மாணவர் அதை அறிந்து குறித்தால் மதிப்பெண் கூடாது. நாளை அவர் தொடப்போகும் நோயாளி, உரிமை கோர ஆளில்லாத ஒருவராக இருக்கக்கூடும். அவரை எப்படித் தொடுவது என்பதை இந்த வரலாறு கற்பிக்கும்.